பத்திரமாக வந்து சேர்ந்தார்

யாராவது என்னை எதிரில் உட்கார வைத்து, முகத்தில் கனிவை வரவழைத்துக்கொண்டு, "உங்களுக்கு என்ன வேண்டும், மனம் விட்டுச் சொல்லுங்கள்" என்று கேட்டால் இப்போதெல்லாம் நான் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுகிறேன். அதட்டிக் கேட்பவர்களைச் சமாளிக்கும் வித்தை எனக்குத் தெரியும். அது எல்லாப் பெண்களுக்கும் தெரியும். கனிவாகக் கேட்ட ஒரு பெண்ணிடம்தான் நான் வசமாக மாட்டிக்கொண்டேன்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மூடிக்கிடந்த ஒரு லேத் பட்டறைக்கு வெள்ளையடித்து, கண்ணாடிக் கதவு போட்டு, ஏசி மாட்டி, கோவொர்க்கிங் இடமாக மாற்றியிருந்தார்கள். சொந்தமாக அலுவலகம் இல்லாதவர்கள் மாத வாடகைக்கு ஒரு மேசையை எடுத்துக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்கும் இடம். மேசை எடுத்தவர் 'மெம்பர்'. எல்லா மெம்பர்களும் சேர்ந்தால் 'கம்யூனிட்டி'. பட்டறையில் மிச்சமிருந்த ஒரு லேத் இயந்திரத்துக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து வாசலருகே நிறுத்தி, அதன் மேல் மணிபிளான்ட் தொட்டி ஒன்றை வைத்திருந்தார்கள். தெருவைத் தாண்டினால் அதே மாதிரி லேத்தில் ஆட்கள் இன்னும் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அதைப் பற்றி யாருக்கும் கூச்சமில்லை.

கைப்பேசிச் செயலிகளுக்குத் தமிழ் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. 'உங்கள் ஆர்டர் புறப்பட்டுவிட்டது', 'கடவுச்சொல் தவறு, மீண்டும் முயலவும்' என்றெல்லாம் உங்கள் கையில் மினுங்குகிறதே, அதை எழுதுகிறவள் எங்கோ ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பாள். அது நான்தான். என் கணவருக்கு ஐடி வேலை; ஒரே மகள் பள்ளிக்கூடம் போகிறாள். கொரோனாவுக்குப் பிறகு அவர் வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஆரம்பித்துவிட்டார். திருமுல்லைவாயிலில் எங்கள் ஃபிளாட்டின் ஹாலில் அவர் நாள் முழுக்க ஹெட்போனோடு பேசிக்கொண்டிருப்பார். மிக்ஸி போட்டால் கையைக் காட்டுவார். கடைசியில் அவரே இந்த இடத்தைப் பார்த்து, எனக்கு ஒரு மேசை எடுத்துக் கொடுத்தார். வெளியில் பார்க்கிறவர்களுக்கு அது பெருந்தன்மை. எனக்கும் அன்றைக்கு அப்படித்தான் இருந்தது.

அந்த மேசையை நான் வேறொன்றுக்கும் பயன்படுத்திக்கொண்டேன் என்பது அவருக்குத் தெரியாது. வேப்பம்பட்டில் என் அக்கா படுத்த படுக்கையாக இருந்தாள்.

நாங்கள் இருவரும் ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்கள். அக்கா எதிர் பிளாக் பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். வேறு சாதி. அப்பா அதற்குப் பிறகு சாகும்வரை அவள் பெயரை வாயில் எடுக்கவில்லை. எனக்கு வரன் பார்த்தபோது பையன் வீட்டில் நகை, சீர் எல்லாவற்றிலும் விட்டுக்கொடுத்தார்கள். ஒன்றே ஒன்றில்தான் கறாராக இருந்தார்கள்: மூத்தவளோடு எந்தப் போக்குவரத்தும் கூடாது. அப்பா தலையாட்டினார். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன், அப்போது எனக்கு அவ்வளவுதான் துணிச்சல்.

அக்காவுக்கு வயிற்றில் கட்டி. ஆஸ்பத்திரியில் ஆனதைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு அழைத்துப் போய் நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அவர்களுக்குப் பிள்ளை கிடையாது. மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், ஆவடியில் தொழிற்சாலை ஷிஃப்டுக்குப் போய்விடுவார். பகலில் பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்ப்பாள். அதனால் நான் காலையில் சீக்கிரமே மேசைக்கு வந்து, கடகடவென்று வேலையை முடித்து, மத்தியானம் மின்சார ரயில் ஏறிவிடுவேன். மாலைக்குள் திரும்பி மேசையில் உட்கார்ந்து, பிறகு எல்லோரையும் போல வீட்டுக்குக் கிளம்புவேன். வேப்பம்பட்டுக்குப் போகும் வண்டி என் வீட்டு ஸ்டேஷனைத் தாண்டித்தான் போகும். திருமுல்லைவாயிலில் வண்டி நிற்கும்போது மட்டும் பிளாட்பாரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்வேன். சொந்த வீட்டு ஸ்டேஷனில் திருடியைப் போல முகத்தை மறைத்துக்கொண்டு போவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

வாசலில் இருந்த வாட்ச்மேன் மட்டும் இதைக் கவனித்திருந்தார். "இன்னாம்மா, இன்னிக்கு லேட்டு? வண்டி பூடப் போவுது, சீக்கிரம் போ" என்பார். எங்கே போகிறேன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் கோவொர்க்கிங்குக்கு 'டிசைன் திங்கிங்' வந்து சேர்ந்தது. முதலாளி எங்கோ பயிற்சிக்குப் போய்வந்து அதில் மயங்கிவிட்டார். சேவையை நாமாக யோசித்து மாற்றக் கூடாது, மெம்பர்களிடம் பேசி, அவர்கள் கஷ்டத்தை அவர்கள் இடத்திலிருந்து உணர்ந்து, சின்னதாக ஒன்றைச் செய்து பார்த்து, சோதித்து, திருத்த வேண்டும் என்றார். சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது. சுவர் முழுக்க மஞ்சள் ஒட்டுத்தாள்கள் முளைத்தன. இடத்தை நிர்வகித்த கம்யூனிட்டி மேனேஜர் ஒரு சின்னப் பெண், கல்லூரி முடித்து அதிக நாள் ஆகாதவள். துறுதுறுவென்று இருப்பாள். எங்களை ஒவ்வொருவராகக் கண்ணாடி அறைக்கு அழைத்துப் போய் உட்கார வைத்தாள்.

"மேம், இது எம்பதி இன்டர்வியூ. இதுல ரைட்டு தப்புன்னு ஒண்ணுமே கிடையாது. மனசுல இருக்கறத அப்படியே சொல்லுங்க. இங்க வர்றதுல உங்களுக்கு எது கவலையா இருக்கு?"

எது கவலை? அக்கா நேற்று தண்ணீர் குடிக்கும்போது பாதி வெளியே வழிந்தது கவலை. பன்னிரண்டு மணிக்கு மேல் இந்தப் பேட்டி நீண்டால் வண்டியை விட்டுவிடுவேனே என்பது கவலை. நான் சொன்னது வேறு.

"வீட்ல கவலைப்படுவாங்க. நான் பத்திரமா வந்து சேர்ந்தேனான்னு."

அது வாயிலிருந்து தானாக வந்தது. நம் பெண்கள் எல்லோரும் கைப்பையில் வைத்திருக்கும் வாக்கியங்களில் அது ஒன்று. சேலைக் கடையில் பிடிக்கவில்லையென்றால் "வீட்ல கேட்டுட்டு வர்றேன்." சீட்டுப் போடக் கூப்பிட்டால் "அவர் ஒத்துக்க மாட்டார்." கூட்டத்தில் உட்காரப் பிடிக்கவில்லையென்றால் "வீட்ல தேடுவாங்க." தனியாகக் குடியிருக்கும் பெண்கூட இல்லாத ஒரு வீட்டுக்காரரைச் சொல்லித்தான் ஆளைக் கழற்றிவிடுவாள். அதைக் கேட்டதும் நாகரிகமானவர்கள் பேச்சை அதோடு விட்டுவிடுவார்கள். அதற்குத்தான் அந்த வாக்கியமே இருக்கிறது.

இந்தப் பெண் விடவில்லை. ஒரு பதில் கிடைத்தால் அதற்கும் கீழே போய் 'ஏன்' என்று தோண்ட வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"ஏன் மேம் கவலைப்படறாங்க?"

"காலம் அப்படி இருக்கே."

"அவங்க கவலைப்பட்டா உங்களுக்கு எப்படி இருக்கும்?"

"வேலையில மனசு ஓடாது."

"அப்போ அவங்களுக்கு நிம்மதி இருந்தா உங்களுக்கும் நிம்மதி. கரெக்டா?"

கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே "ஆமா" என்றேன். அவள் கண் பளபளத்தது. தாளில் எதையோ எழுதி அடிக்கோடு போட்டாள். நான் அன்றைக்கு வண்டியைப் பிடித்துவிட்டேன்.

அடுத்த வாரம் சுவரைப் பார்த்தபோது சிரிப்பு வந்தது. ஏறக்குறைய எல்லாப் பெண் மெம்பர்களும் இதையே சொல்லியிருந்தார்கள். மாலை நேரக் கூட்டங்களுக்கு வரப் பிடிக்காத பொட்டிக் டிசைனர் பெண் "வீட்ல தேடுவாங்க" என்றிருந்தாள். மேசையைப் பெரியதாக எடுத்துக்கொள்ளச் சொல்லி நச்சரித்ததற்கு ஒருத்தி "வீட்ல கேக்கணும்" என்றிருந்தாள். அத்தனை தாளையும் ஓரிடத்தில் குவித்து, நடுவில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள்: பெண் மெம்பரின் உண்மையான தேவை, வீட்டாரின் நிம்மதி. தட்டிக்கழிக்கச் சொன்னதையெல்லாம் ஒன்று சேர்த்து அதை எங்கள் உள்ளமாக்கிவிட்டார்கள். நான் அன்று சாயங்காலமே சிரிப்பை நிறுத்தியிருக்க வேண்டும்.

இதை அக்காவிடம் சொன்னபோது அவளும் சிரித்தாள். அவளுக்கு எங்கள் கோவொர்க்கிங் கதைகள் என்றால் உயிர். "இன்னிக்கு என்னடி கண்டுபிடிச்சாங்க உங்க ஆபீஸ்ல?" என்றுதான் ஆரம்பிப்பாள். பேசக் கஷ்டப்பட்டாலும் கேட்பதில் குறை வைக்க மாட்டாள். ஒரு நாள் அங்கே இருந்து மஞ்சள் ஒட்டுத்தாள் கட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

"நீயும் உன் கஷ்டத்தை எழுதி ஒட்டு. சேவையை மேம்படுத்துறோம்."

மறுநாள் போனபோது கட்டில் ஓரச் சுவரில் நாலைந்து தாள்கள் ஒட்டியிருந்தாள். கையெழுத்து கோணல்மாணலாக இருந்தது. 'ரசத்தில் உப்பு இல்லை.' 'ஃபேன் கடகட.' 'பக்கத்து வீட்டம்மா சீரியல் கதை சொல்கிறாள், தடுக்கவும்.' நான் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தேன். ரசத்துக்கு உப்புப் போட்டேன். மாமா ஃபேனுக்கு ஸ்க்ரூ முடுக்கினார். சீரியலுக்கு மட்டும் எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இன்னொரு நாள் நான் போனபோது தூங்கிக்கொண்டிருந்தாள். வலி மருந்து. எழுப்ப மனம் வராமல் பக்கத்தில் உட்கார்ந்து நகம் வெட்டிவிட்டு, துணி மடித்துவிட்டு வந்துவிட்டேன். அதற்கு அவளுக்கு வந்த கோபம் இருக்கிறதே! அடுத்த முறை போனபோது தலைமாட்டில் புதுத் தாள் ஒன்று இருந்தது. 'தங்கச்சி வந்தால் எழுப்பவும்.'

"எவ்வளவு நாள் இருப்பேன்னு தெரியல, நீ வந்துட்டு மூஞ்சியைக் காட்டாமப் போறியா?" என்றாள். இனி எழுப்புகிறேன் என்று சொன்னேன். எனக்கு அந்த நாட்களில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. மத்தியானங்கள் மட்டும் வேண்டும், அவள் இருக்கும்வரை.

கோவொர்க்கிங்கில் சோதனைக்கு ஒரு சேவையைத் தயார் செய்தார்கள். உள்ளே வரவும் வெளியே போகவும் வாசல் கதவு அட்டையைக் காட்டினால்தான் திறக்கும். காலையில் முதல் முறை அட்டையைக் காட்டியதும், மெம்பர் சேரும்போது கொடுத்த குடும்ப எண்ணுக்கு வாட்ஸாப்பில் ஒரு செய்தி போகும். அதற்குத் தமிழ் வாசகம் வேண்டும் என்று அந்தப் பெண் என் மேசைக்குத்தான் வந்தாள்.

"உங்க இன்டர்வியூலதான் மேம் இந்த ஐடியாவே வந்தது. நீங்களே எழுதிக் கொடுத்தா நல்லாருக்கும்."

வேண்டாம் என்று சொல்ல என்ன காரணம் சொல்வது? கவலைப்படுகிறார் என்று சொன்னதே நான்தானே. காலையில் வருவது எப்படியும் உண்மை, அதைச் சொன்னால் என்ன கெட்டுவிடும் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆங்கிலத்தில் இருந்ததைப் பார்த்து எழுதிக் கொடுத்தேன்: 'உங்கள் அன்புக்குரியவர் பத்திரமாக வந்து சேர்ந்தார்.' பிழைப்புக்கு எழுதும் எல்லா வரியையும் போல அதையும் இரண்டு முறை வாசித்துப் பார்த்துத் திருத்தினேன்.

என் கணவருக்கு அது மிகவும் பிடித்துப் போயிற்று. முதல் நாள் சாயங்காலமே, "நல்ல சிஸ்டம். நீ போன உடனே எனக்கு வந்துடுச்சு" என்றார். ஊரிலிருந்த தன் அம்மாவிடமும் போனில் பெருமையாகச் சொன்னார். நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன்.

டிசைன் திங்கிங்கில் ஒரு முறை செய்ததோடு விடமாட்டார்கள். சோதித்து, பயன்படுத்தியவர்களிடம் கருத்துக் கேட்டு, மறுபடி திருத்துவார்கள். இங்கே பயன்படுத்தியவர் யார்? நான் அட்டையைக் காட்டினேன், அவ்வளவுதான். செய்தியைப் பெற்றவர் என் கணவர். ஆகவே கருத்தை அவரிடம் கேட்டார்கள். அவரைப் போன்ற கணவர்களிடமும் அப்பாக்களிடமும் கேட்டார்கள். வந்து சேர்ந்தது தெரிகிறது, எப்போது கிளம்புகிறார்கள் என்பதும் தெரிந்தால் நன்றாக இருக்கும் என்று பலரும் சொன்னார்களாம். என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெளியே போகும்போதும் செய்தி போக ஆரம்பித்துவிட்டது. அதற்குத் தமிழ் வாசகம்கூட என்னிடம் கேட்டு எழுதவில்லை. கேட்டிருந்தால் அப்போதாவது தெரிந்திருக்கும்.

அன்றைக்கு அக்காவுக்கு ரசம் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. கணவர்.

"எங்க இருக்க?"

"ஆபீஸ்லதான்."

ஜன்னலுக்கு வெளியே எக்ஸ்பிரஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. வேப்பம்பட்டில் வீடுகள் தண்டவாளத்துக்கு அவ்வளவு பக்கம்.

"சரி. சாப்பிட்டியா?" என்றார்.

"சாப்பிட்டேன்."

"சரி" என்று வைத்துவிட்டார்.

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். "நீ போடி" என்றாள். கிண்ணத்தில் பாதிச் சாதம் இருந்தது. ஊட்டி முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். நாளைக்கு வருகிறேன் என்று சொன்னேன். அவளைக் கடைசியாகப் பார்த்தது அதுதான்.

வீட்டில் அவர் சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடும் ஆள் இல்லை. போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், ஏதாவது உடைந்திருக்கும், அதிலிருந்து ஏதாவது பிறந்திருக்கும். அவர் போனை என் பக்கம் திருப்பி வைத்தார். ஒரு வாரமாக ஒவ்வொரு மத்தியானமும் நான் 'வெளியேறிவிட்டதாக' வந்த செய்திகள் ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்தன. ஒரு வாரமும் அவர் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். சாப்பிட்டார், மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார், என்னோடு டிவி பார்த்தார். வேப்பம்பட்டுக்கு, அக்காவைப் பார்க்கத்தான் போனேன் என்று சொல்லிவிட்டேன்.

"வேற ஏதாவது தப்பான விஷயமோன்னு பயந்துட்டேன்" என்றார். "இதுவும் தப்புதான். ஆனா அது மாதிரி இல்ல."

"அக்கா செத்துக்கிட்டிருக்காங்க."

"எனக்குப் புரியுது. எங்க அம்மாவுக்குப் புரியுமா? ஊர்ல தெரிஞ்சா என்ன பேசுவாங்க?" பிறகு, குரலை உயர்த்தாமலே சொன்னார்: "நீ இப்படி அலைஞ்சா பாப்பாவை யார் பாத்துக்கறது? ஊர்ல எங்க அம்மாகிட்ட விட்டுப் படிக்க வெச்சிடலாம்."

அவ்வளவுதான் சொன்னார். மறுவாரம் என் மாமியார் வந்து இறங்கினார். கோவொர்க்கிங் மேசை வேண்டாம் என்று என் கணவரே போன் செய்து சொல்லிவிட்டார். நான் படுக்கையறையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு 'உங்கள் ஆர்டர் புறப்பட்டுவிட்டது' என்று எழுதினேன். போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். என்னையும் நான் அதைக் கேட்டிருக்கிறேன். மகளின் ஸ்கூல் பையை மாமியார் அடுக்கி வைப்பதைப் பார்க்கும்போதெல்லாம் கால் எழவில்லை.

குளியலறையில் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அக்காவோடு போனில் பேசினேன். முதல் முறை பேசியபோது, "என்னடி, ஆபீஸ்ல வேலை ஜாஸ்தியா?" என்றாள். அவளுக்கு எல்லாம் தெரியும், நான் சொல்ல வேண்டியிருக்கக் கூடாது என்றுதான் அப்படிக் கேட்டாள். ஆமா என்றேன். பிறகு அவளால் போனைப் பிடிக்க முடியவில்லை. பிறகு மாமா மட்டும் பேசினார்.

அவர் ஒரு மத்தியானம் அழைத்து, "பாப்பா, போயிடுச்சு" என்று மட்டும் சொன்னார். சின்ன வயதிலிருந்தே என்னை அவர் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். நான் அன்றைக்குப் போனேன். யாரிடமும் கேட்கவில்லை. மாமியார் சமையலறையிலிருந்து, "எங்கம்மா கிளம்பிட்ட?" என்றார். "எங்கக்கா செத்துட்டா" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன். சிக்னல் கோளாறு என்று பட்டாபிராமில் வண்டியை நிறுத்திவிட்டார்கள். இறங்கி ஓடிப் பார்த்தேன், ஆட்டோ கிடைக்கவில்லை. திரும்பி வந்து வண்டிக்குள்ளேயே நின்றேன்; அது நகர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மாமாவும் கூடவே சுடுகாட்டுக்குப் போய்விட்டார், நான் வருவேன் என்று அவருக்கே நிச்சயமில்லை. எனக்காகக் காத்திருக்கச் சொல்ல வேறு யாரும் அந்தத் தெருவில் இல்லை. நான் யாரென்றே பாதிப் பேருக்குத் தெரியாது.

பக்கத்து வீட்டு அம்மா துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் துடைப்பத்தைப் போட்டுவிட்டு அழுதாள்.

"இன்னா கண்ணு, இப்ப வர்றியே! மத்தியானம் ஆச்சுன்னா கண்ணை மூடவே மாட்டேன்னுச்சு. மாத்திரை குடுத்தா வாயை இறுக்கி மூடிக்கும். தூங்கிட்டா நீ வந்துட்டுப் பூடுவியாம். அந்தச் சீட்டைக் காட்டிக்கினே கெடந்துச்சு."

தலைமாட்டுத் தாள் இன்னும் சுவரில் இருந்தது. மற்றவை தண்ணீர் பட்டு உதிர்ந்து, வாசல் பக்கம் ஓடும் அழுக்குத் தண்ணீரோடு போய்க்கொண்டிருந்தன. வலி மருந்தை மறுத்துவிட்டு அவள் விழித்துக்கொண்டு கிடந்த மத்தியானங்களில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்தேன். கடவுச்சொல் தவறு, மீண்டும் முயலவும் என்று எழுதிக்கொண்டிருந்தேன். ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

காரியமெல்லாம் முடிந்து சில வாரம் கழித்து என் கணவர், "நீ மறுபடி அங்கேயே போய் வேலை பாரு. வீட்ல அடைஞ்சு கெடந்தா உடம்புக்கு ஆகாது" என்றார். உண்மையான அக்கறையோடுதான் சொன்னார். இனி வேப்பம்பட்டில் நான் போய்ப் பார்க்க யாரும் இல்லை. நான் எங்கே வேண்டுமானாலும் போகலாம். மாமியாரும் ஊருக்குப் புறப்பட்டார். அந்த அக்கறைக்கு எதிராக எனக்கு வந்த வெறுப்பை எழுத இந்தத் தமிழில் எனக்கு வார்த்தை இல்லை.

போனேன். வாட்ச்மேன் எழுந்து நின்றார். "இன்னாம்மா, இத்தினி நாளா காணோம்? உடம்பு சரியில்லையா?" என்றார். ஆமாம் என்றேன். உள்ளே லேத்தின் மேல் மணிபிளான்ட் நன்றாக வளர்ந்திருந்தது. சுவரில் மஞ்சள் தாள்களை எடுத்துவிட்டு, சட்டம் போட்ட பலகை ஒன்றை மாட்டியிருந்தார்கள். எங்கள் சேவை எப்படி மேம்பட்டது என்ற கதை அதில் இருந்தது. கீழே குடும்பத்தாரின் கருத்துகள். பெயர் போடவில்லை, 'ஒரு மெம்பரின் கணவர்' என்று மட்டும் இருந்தது: 'என் மனைவி எங்கே இருக்கிறாள் என்று எனக்கு எப்போதும் தெரிகிறது. இப்போதுதான் நிம்மதி.' ஐந்து நட்சத்திரம். அவருடைய வாக்கியம் எனக்குத் தெரியாதா? பத்து வருடத்துக்கு மேலாக அந்த 'இப்போதுதான் நிம்மதி'யோடு குடித்தனம் செய்கிறேன்.

அந்தப் பெண் ஓடி வந்தாள். "மேம், வெல்கம் பேக்! நீங்க ஏன் போனீங்க, ஏன் திரும்பி வந்தீங்கன்னு ஒரு சின்ன இன்டர்வியூ எடுத்துக்கவா? ரொம்ப யூஸ்ஃபுல்லா இருக்கும்."

அதே கண்ணாடி அறை. அதே நாற்காலி. இந்த முறை கடிகாரத்தைப் பார்க்க எனக்கு அவசியமில்லை.

"மனசுல இருக்கறத அப்படியே சொல்லுங்க மேம். இங்க நீங்க பாதுகாப்பா உணர என்ன வேணும்?"

"நான் எங்க இருக்கேன்னு யாருக்கும் தெரியக் கூடாது" என்றேன்.

பேனா நின்றுவிட்டது. எழுதிக்கோ என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். வேப்பம்பட்டு, ரயில், போன், ரசம் சாதம், தலைமாட்டுத் தாள். போன முறை நான் சொன்னது தட்டிக்கழிக்கச் சொன்னது என்றும், அந்தச் சுவரில் அவள் குவித்த தாளெல்லாம் அப்படித்தான் என்றும் சொன்னேன். "நீயும் ஒரு பொண்ணுதானே, உனக்கு இது தெரியாதா?" என்று கேட்டபோது என் குரல் உயர்ந்துவிட்டது. கண்ணாடிக்கு வெளியே தலைகள் திரும்பின. அவள் அழுதாள். எனக்கு அவள் மேல் இரக்கம் வரவில்லை, வந்ததாக எழுதினால் பொய்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவள் மடிக்கணினியைத் திறந்தாள். "நான் நிறுத்திடறேன் மேம், இப்பவே." கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்தாள். பிறகு சின்னக் குரலில், "ஃபேமிலி நம்பரைக் காலியா விட முடியல மேம். ஏதாவது ஒரு நம்பர் இருந்தாத்தான் கார்டு வேலை செய்யுது. அப்படித்தான் டிசைன் பண்ணிட்டாங்க" என்றாள்.

"நம்பரை மாத்தலாமா?"

"மாத்தலாம்."

சொன்னேன். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண்கள் இரண்டு மூன்றுதான், அதில் அது ஒன்று.

"உறவு முறை என்ன போடட்டும் மேம்?"

"அக்கா."

நிமிர்ந்து பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் போட்டாள்.

மறுநாள் காலை அட்டையைக் காட்டிக் கதவைத் திறந்து, என் மேசையில் பையை வைத்தேன். போன் அடித்தது. மாமா. அக்காவின் போனை அவர் இன்னும் சார்ஜ் போட்டு வைத்திருந்தார், அதில்தான் அவள் போட்டோவெல்லாம் இருக்கிறது.

"பாப்பா, அக்கா போனுக்கு ஒரு மெசேஜ் வந்துச்சு. நீ பத்திரமா வந்து சேந்துட்டேன்னு."

"ஆமா மாமா."

நடுவில் இன்னொரு அழைப்பு வருவதாகப் போன் காதில் விட்டுவிட்டுச் சத்தம் எழுப்பியது. காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். என் கணவர். அவருக்குச் செய்தி போகவில்லை.

போனைத் திரும்பக் காதில் வைத்தேன்.

"நாளைக்கும் வருமா?" என்றார் மாமா.

"வரும் மாமா" என்றேன். என் கணவரின் அழைப்பு அடித்துக்கொண்டே இருந்தது. நான் எடுக்கவில்லை.